செத்தவீட்டுச் சோற்றில் எழுதிய நாவல்

என்னவர் வேலிப் படலையைத் திறந்தபோது கையில் ஒரு விளைமீன் தொங்கியது. செவுளுக்குள்ளால் ஈர்க்கைக் கோத்துத் தூக்கிப் பிடித்திருந்தார். மீனிலிருந்து தண்ணீர் முழங்கை வழியே வடிந்துகொண்டிருந்தது.

"அண்ணை, அங்கையே நில்லுங்கோ!"

வேலிக்கு மேலால் தலையை நீட்டியவள் பாக்கியம். என்னவரின் தங்கை, எனக்கு மச்சாள். பக்கத்து வளவில் இருப்பவள். அழுதழுது அவளுடைய கண்மடல்கள் வீங்கியிருந்தன.

"மீனை உள்ளுக்குக் கொண்டு போகாதேங்கோ. துடக்கு."

அவர் மீனோடு அப்படியே நின்றார். "ஆர் செத்தது?"

"கமலாம்பிகை."

"எந்தக் கமலாம்பிகை? புளியங்கூடலிலை இருக்கிறவவோ?"

"இல்லை."

"மலாயாவிலை இருக்கிற பெரியம்மாவின்ரை மருமோளோ?"

"இல்லை அண்ணை." பாக்கியம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "மச்சாள் எழுதிற கதையிலை வாற கமலாம்பிகை. பின்னேரம் போனவ. எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ளை அடைக்குது."

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். எனக்கு முன்னால் மூன்று வீட்டுச் சட்டிகள் இருந்தன. கத்தரிக்காய் வெள்ளைக் கறி, பருப்பு, பூசணிக்காய். அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் துடக்கு, அதாவது தீட்டு, கழியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள் சமைத்துக் கொண்டுவந்து தருவார்கள். எல்லாம் சைவம். மீன் வாசம் படலையைத் தாண்டக் கூடாது.

அந்த விளைமீனைப் பாக்கியத்தின் புருஷன் வாங்கிக்கொண்டு போனார். அவர் கதை கேட்பதில்லை. ஆகையால் அவருக்குத் துடக்கு இல்லையாம்.

கேட்கிறார்களே, சொல்கிறேன்

இப்போது எழுத வரும் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். "அம்மா, ஒரு நாவலை எப்படி அவ்வளவு கெதியாக எழுதி முடித்தீர்கள்? மனம் சோராமல் எப்படி இருந்தீர்கள்?"

அவர்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். அதனால் இந்தக் கிழமை அதை, வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அனலைதீவில் நாங்கள் இருந்த காலம். பேக்கரியில் பாணுக்கு விடியவே வரிசையில் நின்று, கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்ற வருடங்கள். என்னவர் ஊர்காவற்றுறைக்குப் போய்வரும் மோட்டர் வள்ளம் ஓட்டினார். நீல வள்ளம். பிள்ளைகள் இருவரும் ஊர்காவற்றுறையில் என் தமக்கை வீட்டில் நின்று படித்தார்கள். பகலில் நானும் இரண்டு ஆடுகளும்தான்.

கடையில் சாமான் சுற்றி வரும் கடதாசிகளைப் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து ஆசை வந்தது. அதில் ஒரு கஷ்டம், கதை எப்போதும் பாதியில் கிழிந்திருக்கும். மிளகாய்த்தூள் சுற்றிய தாளில் ஒரு பெண் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்பாள். மீதி யாருடைய வீட்டுச் சீனியோடு போனதோ! அவள் குதித்தாளா, இறங்கினாளா என்று யோசித்து யோசித்து நானே முடிவு சொல்லிப் பார்ப்பேன்.

ஒருநாள் துணிந்து சொந்தமாகவே ஒரு கதையைத் தொடங்கினேன். முதல் நாலு அத்தியாயங்களை யாழ்ப்பாணத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். ஆசிரியர் ஒரு தபாலட்டை போட்டார். முழு நாவலும் தைப்பொங்கலுக்கு முன் கைக்கு வந்தால் தொடராகப் போடுவோம், வராவிட்டால் வேறு ஒருவருடையது காத்திருக்கிறது என்று.

அப்போது கார்த்திகை விளக்கீடு முடிந்து ஒரு கிழமை.

பாதியில் நின்றவை

எனக்கு அது பெரிய விஷயம். ஏனென்று சொல்ல வேண்டும்.

என் வாழ்க்கையில் நான் தொடங்கிய எதையும் முடித்ததில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. தையல் பழகப் போனேன், ஒரு கை தைத்து மறு கை வெட்டியபடி கிடக்கையில் கல்யாணம் பேசி வந்தார்கள். தேவாரம் படிக்கப் பழக்கினார்கள், ஆட்களைக் கண்டால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். சரஸ்வதி பூசைக்கு என்னைப் படிக்க நிறுத்தினபோது முதல் வரியைப் பாடிவிட்டு நேரே வீட்டுக்கு நடந்துவிட்டேன். சுண்டல்கூட வாங்கவில்லை.

இந்த ஒன்றையாவது கடைசி வரி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். வேறு ஆசை இல்லை.

ஆனால் ஆறாம் அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது. ஆடு கத்தும், எழும்புவேன். அரிசி ஊறும், எழும்புவேன். திரும்பி வந்து இருந்தால், எழுதிவைத்தது வேறு யாரோ எழுதினது போலத் தெரியும். எழுதும் கொப்பியை மூடிவிட்டு முற்றம் கூட்டுவேன். அந்த நாட்களில் எங்கள் முற்றம் போலத் துப்புரவான முற்றம் தீவிலேயே இல்லை.

தண்ணீர் ஒப்பந்தம்

பாக்கியம் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன மச்சாள், ஒருநாளைக்கு மூண்டுதரம் முத்தம் கூட்டுறியள்? என்ன மறைக்கிறியள்?"

அவளிடம் சொன்னேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான். முகம் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன். எங்களுக்குள் வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து நுழையக் கூடிய ஓட்டை. அதன் குறுக்கே பின்னிய தென்னோலைக் கிடுகு ஒன்றைச் சாத்திவைத்திருப்போம்.

"படிச்சுக் காட்டுங்கோ," என்றாள்.

"எனக்கு ஏலாது."

"கிடுகுக்கு அங்காலை இருந்து படியுங்கோ. நான் உங்களைப் பாக்கமாட்டன். கேக்கிறன்."

படித்தேன். பிறகு, "மிச்சம்?" என்றாள்.

"மிச்சம் எழுதேல்லை."

அன்றைக்குத்தான் ஒப்பந்தம் வந்தது. எங்கள் வளவுக் கிணற்றில் தண்ணீர் உவர். குடிக்கிற தண்ணீர் கோவிலடிக் கிணற்றிலிருந்துதான் வரவேண்டும். பாக்கியம் சொன்னாள், "நாளையிலிருந்து உங்கடை நல்ல தண்ணியை நான் அள்ளிக்கொண்டாறன். நீங்கள் இருந்து எழுதுங்கோ. பின்னேரம் கிடுகடியிலை எனக்கு அண்டண்டையான் பங்கு வேணும். எழுதேல்லையெண்டால் தண்ணியும் இல்லை. கோவிலடிக்குப் போய் ஆக்களுக்கு முன்னாலை நிண்டு நீங்களே அள்ளுங்கோ."

அவளுக்கு என்னைத் தெரியும். ஆட்களுக்கு முன்னால் நிற்பதைவிட நான் உவர்த் தண்ணீரைக் குடிப்பேன்.

எழுதாத நாட்களில் அதுவும் நடந்தது. என்னவர் தேத்தண்ணீரை ஒரு வாய் உறிஞ்சுவார். முகம் சுளிப்பார்.

"இண்டைக்குக் கதை ஓடேல்லையோ?"

நான் தலையை ஆட்டுவேன். மற்றப்படி நான் என்ன எழுதுகிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தேத்தண்ணீரே அவருக்கு எல்லாம் சொல்லிவிடும்.

சில நாட்கள் போனபின் கிடுகுக்கு அந்தப் பக்கம் ஏதோ மாறியது. நான் படிக்கையில் இருமல் கேட்டது. பாக்கியத்தின் இருமல். பிறகு இன்னொரு இருமல், தடித்த குரலில். பிறகு யாரோ தும்ம, "உஷ்!" என்று மூன்று பேர் அதட்டினார்கள்.

எங்கள் ஒழுங்கைச் சந்தில் அரைவாசிப் பெண்கள் அங்கே இருந்து ஓலைப்பெட்டி இழைத்துக்கொண்டு கேட்கிறார்கள். எழும்பி ஓட நினைத்தேன். ஆனால் கதையில் கமலாம்பிகைக்குக் காய்ச்சல். அவளை அந்த நிலையில் விட்டுவிட்டு எப்படி ஓடுவது? தொடர்ந்து படித்தேன்.

நாலாம் நாள் அவள் செத்துப்போனாள். நான் சாகடிக்கவில்லை. எழுதிக்கொண்டு போகையில் அவளுக்கு மூச்சு அடங்கியது, அவ்வளவுதான். கிடுகுக்கு அங்கால் யாரோ ஓவென்று குரல் வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சட்டிகள் வந்தன.

கதிரவேலரின் தீர்ப்பு

மீன் பறிபோன ஆத்திரத்தில் என்னவர் கதிரவேலரைக் கூட்டிவந்தார். கோவில் மணியகாரர். துடக்கு, கிரியை, யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அவர் சொன்னால் தீவு கேட்கும். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினோம். நான் கதவுக்குப் பின்னால். பாக்கியம் எனக்காக வாய் பேசினாள்.

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோ," என்றார் என்னவர். "பிரேதம் இல்லை, சுடலைக்குப் போகேல்லை. துடக்கு மட்டும் எங்காலை வந்தது?"

கதிரவேலர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "அழுதவையோ?"

"அழுதவை."

"ஒப்பாரி வைச்சவையோ?"

"எங்கடை அம்மாவின்ரை செத்தவீட்டுக்குக்கூட இவ்வளவு வைக்கேல்லை," என்றாள் பாக்கியம்.

"சோறு வந்ததோ?"

"வந்தது."

"நீர் அந்தச் சோத்தைத் திண்டனீரோ?"

என்னவர் தலையைச் சொறிந்தார். "பசிச்சுது. திண்டனான்."

"பிறகென்ன கேள்வி? செத்தவீட்டுச் சோத்தைத் திண்டுபோட்டுச் செத்தவீடில்லை எண்டு சொல்லப்படாது." கதிரவேலர் கதவுப்பக்கம் திரும்பாமலே கேட்டார். "பிள்ளை, அந்தக் கமலாம்பிகை உமக்கு என்ன முறை?"

நான் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினேன். பாக்கியம் சொன்னாள், "அவவின்ரை கையாலை வந்தவ."

"பெத்ததெண்டால் முப்பத்தொண்டு. இது பெறேல்லை, எழுதினது. மூண்டு நாள் காணும்," என்று எழும்பினார் அவர். படலையடியில் நின்று மெதுவாகக் கேட்டார்: "அவவின்ரை புருஷன் இனி மறுதாரம் கட்டுவானோ?"

அவர் வீட்டம்மாவும் கிடுகடிக்கு வருகிறவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சாவுக்கு மூன்று நாள்

அந்த மூன்று நாட்களைப் போல நாட்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சமையல் இல்லை. செத்தவீட்டுப் பெண்ணை யாரும் வேலை ஏவமாட்டார்கள். ஆட்டைக்கூடப் பாக்கியம் அவிழ்த்துக்கொண்டு போனாள். நான் பாயில் இருந்து எழுதினேன். கை உளைந்தால் படுத்தேன், எழும்பி எழுதினேன். நாலாம் நாள் துடக்குக் கழிந்து அடுப்பை மூட்டினேன். கதை மறுபடி நின்றுவிட்டது.

பேனையை வைத்துக்கொண்டு பார்த்தேன். கதையில் வாத்தியார் ஒருவர் இருந்தார். வயது போனவர், நெஞ்சு நோவும் உண்டு. எப்படியும் கனகாலம் இருக்கமாட்டார்.

அன்று பின்னேரமே அவர் போனார். மூன்று நாள்.

அதற்குப் பிறகு தரகர் நாகமுத்துவைப் பாம்பு கடித்தது. அவருக்குச் சட்டிகள் குறைவாகத்தான் வந்தன, கெட்ட மனிசன் என்று. ஆனாலும் மூன்று நாள் மூன்று நாள்தான்.

கதை ஓடியது. என்னவர்தான் இளைத்துப்போனார். கடலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து பூசணிக்காயைப் பார்ப்பார். மார்கழியில் மீன் கொழுத்துக் கிடக்கும்.

"இஞ்சருமப்பா," என்றார் ஒருநாள், மிகவும் தயவாக. "உந்தக் கதையிலை இன்னும் எத்தினை பேர் மிச்சம்?"

பாக்கியத்துக்கும் அலுத்துவிட்டது. "கத்தரிக்காய் முடிஞ்சுது மச்சாள். ஆரையாவது கொல்லுறதெண்டால் எல்லாரையும் ஒண்டாக் கொண்டுபோட்டு விடுங்கோ. ஒரு சமையலோடை போகட்டும்."

பொங்கலுக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கதையில் ஒரு வள்ளத்தைக் கடலுக்குள் தாழ்த்தினேன்.

நீல வள்ளம்

எனக்குத் தெரிந்த வள்ளம் ஒன்றுதான். ஆகையால் கதையில் தாண்டு மூழ்கியதும் நீல வள்ளம். முன்பக்கம், அணியத்தில், ஒரு பலகை மாற்றி, அதற்கு மட்டும் பச்சைப் பெயின்ற் அடித்திருக்கும். ஓட்டிக்குக் காதில் ஒரு மச்சம். ஊர்காவற்றுறைக்குப் போகும் வழியில், நடுக்கடலில், ஓட்டியோடு சேர்த்து எல்லாரும்.

அன்று பின்னேரம் அதைக் கிடுகடியில் படித்தேன்.

மறுநாள் காலையில் என்னவர் போன கையோடு திரும்பி வந்தார்.

"ஒரு சனம் ஏறுதில்லை," என்றார். "'போன கிழமை வரைக்கும் நல்ல வள்ளம், நேற்றுத்தான் தாண்டது' எண்டு சொல்லுறாளவை. கதிரவேலற்றை மனிசி தலையிலை கைவைச்சுக்கொண்டு இறங்குதுறையிலை நிண்டு அழுறா. எனக்கு முன்னாலை நிண்டு எனக்காண்டி அழுறா!"

"ஆக்கள் இல்லாட்டியும் போகலாம்தானே? எனக்குக் கதையைத் தபாலிலை..." என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எப்பிடியப்பா போறது? நீர் எழுதினபடி பார்த்தால் நான் செத்துப்போனன். செத்தவன் வள்ளம் ஓடுறதோ?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. இருபது வருடம் அந்தக் கடலில் ஓடிய மனிதர், பாயை விரித்துப் படுத்துவிட்டார். தன் துடக்கைத் தானே காக்கிறாராம்.

தீவில் இருந்த மற்ற மோட்டர் வள்ளம் பழுதுபார்க்கக் கரையேற்றிக் கிடந்தது. பாய் வள்ளங்கள் அந்த வாடைக்காற்றில் வெளிக்கிடா. நாவல் போக ஒரே வழி அந்த நீல வள்ளம். அதை நானே தாழ்த்திவிட்டேன்.

அன்று நான் அழுதேன். கதைக்காக இல்லை, எனக்காக. இதுவும் பாதியில் நிற்கப் போகிறது, நிறுத்தியதும் நான்தான்.

திரும்பி வந்தவர்கள்

அழுது முடித்துவிட்டு யோசித்தேன். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. வள்ளம் கவிழ்ந்தாலும் பலகையைப் பிடித்துக்கொண்டவர்களை அது எங்கே கொண்டுபோகும்? நெடுந்தீவுக்கு. அவர்களை நெடுந்தீவுக் கரையில் ஒதுக்கினேன். அங்கே வெளியில் திரியும் குதிரைகளுக்கு வைத்த தொட்டியில் தண்ணீர் குடித்து, ஒருவரும் குறையாமல் உயிரோடு எழும்பினார்கள். ஓட்டிக்குக் காலில் சிராய்ப்பு மட்டும்.

கிடுகடியில் படித்தேன். அந்தப் பக்கம் கைதட்டினார்கள். பிறகு ஒரு குரல், "அப்ப நான் அவிச்சுக் குடுத்த பூசணிக்காய்?"

"அதுதானே! உயிரோடை இருக்கிறவைக்கோ நாங்கள் சோறு குடுத்தனாங்கள்?"

"மச்சாள்," என்றாள் பாக்கியம், "மற்றவை சொல்லுறது ஞாயம். அந்தச் சாப்பாட்டை நீங்கள் எங்களுக்குத் திருப்பி ஆக்கிப் போடவேணும்."

"போடுறன். முதல் முடிவை எழுதவிடுங்கோ."

"இன்னும் முடிவு எழுதேல்லையோ!"

கூட்டம் கூடிக் கதைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தீர்மானத்தைப் பாக்கியம் அறிவித்தாள். முடிவு எங்களுக்குத் தெரியாமல் யாழ்ப்பாணம் போகப்படாது. நாளைக்கு எல்லாரும் வள்ளத்தில் வருகிறோம்.

உள்ளே போனேன். என்னவர் பாயில் எழும்பி இருந்தார். வேலிப் பக்கம் சத்தம் எல்லாம் கேட்டிருக்கிறது. காலைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"எந்தக் கால் எண்டு எழுதினனீர்?"

நடுக்கடலில்

மறுநாள் வள்ளம் நிறையச் சனம். கதிரவேலரும் வந்தார், துடக்கு விஷயம் ஏதும் எழும்பினால் என்று. நான் மடியில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டே இருந்தேன். வள்ளம் தூக்கிப் போட்டபோதெல்லாம் எழுத்து மலை ஏறி இறங்கியது. என்னவர் இயந்திரத்தைக் குறைத்தார்.

"மெல்லப் போறன். நீர் எழுதும்."

பாக்கியம் என் பக்கத்தில் நெருங்கினாள். "மச்சாள், கமலாம்பிகையையும் எழுப்பிவிடுங்கோவன். வள்ளத்திலை போனவை எல்லாரும் வந்திட்டினம், அவ என்ன பாவம் செய்தவ?"

"ஏலாது," என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு உறுதியாக ஒரு சொல் வந்ததை நானே அன்றுதான் கேட்டேன். "மற்றவை சோத்துக்காண்டிச் செத்தவை. அவ தானாச் செத்தவ."

பாக்கியம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

ஊர்காவற்றுறைக் கரை தெரியத் தொடங்கியபோது கடைசி வரியை எழுதினேன். "படியுங்கோ!" என்றார்கள். நிமிர்ந்தேன். அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. கிடுகு இல்லை. வேலி இல்லை. சுற்றிலும் கடல். சரஸ்வதி பூசையில் நடந்தது போல எழும்பி நடக்கவும் இடம் இல்லை. கொப்பியால் முகத்தை மறைத்தேன்.

முதலில் பாக்கியம் திரும்பினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து இருந்தாள். பக்கத்தில் இருந்தவளின் தோளிலும் தட்டினாள். ஒவ்வொருவராக எல்லாரும் திரும்பினார்கள். கதிரவேலர் இரண்டு கையையும் மடியில் வைத்து, அடிவானத்தைப் பார்த்தபடி, "படியும் பிள்ளை," என்றார்.

அத்தனை முதுகுகளுக்கு முன்னால் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன். கடைசி வரி வரைக்கும்.

ஒருவரும் திரும்பவில்லை.

வள்ளத்தின் பின்பக்கம், கடையாரில் நின்ற என்னவர்தான் கேட்டார். "முடிஞ்சுதோ?"

"ஓம்."

"ஒருதரும் சாகேல்லையே?"

நான் தலையை ஆட்டினேன். முதுகு காட்டி இருந்தவர்கள் அதைக் காணவில்லை, ஆனால் கேட்டது அவர்களைத்தான் என்பதுபோல எல்லாரும் ஒன்றாகச் சொன்னார்கள், "இல்லை அண்ணை! ஒருதரும் சாகேல்லை!"

அவர் வள்ளத்தின் தலையைச் சட்டென்று திருப்பினார். சற்றுத் தள்ளி இருவர் வலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்துக் கூவினார்.

"தம்பி! பாரை மீன் இருக்கோ?"

வலைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணை, உங்கடை வீட்டிலை துடக்கெண்டெல்லோ கேள்விப்பட்டன்?"

"முடிஞ்சுது தம்பி," என்றார் அவர். "இப்பதான், இதிலை இருந்து முடிச்சவ. பெரிசாப் பாத்துத் தாரும்."